வாத்துத் துரை தோட்டத்தைத் தேடி மூன்று நாள்

2024 ஜூன் 15, சனி. கோலகங்சார், பேராக், மலேசியா

இறங்க வேண்டிய ஊர் சுங்கை சிப்புட். இறங்கிய ஊர் கோலகங்சார். காரணம் தூக்கம், வேறு யார் மீதும் பழி போட வழியில்லை. ஈப்போவில் ஒரு முறை கண்ணைத் திறந்து பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறதே என்று மூடினேன். மறுபடி திறந்தபோது பக்கத்து இருக்கைப் பெண்மணி தம் பைகளை எடுத்துக்கொண்டிருந்தார். "சுங்கை சிப்புட்டா?" என்றேன். "அது போய்விட்டதே" என்றார் மலாயில், ஏதோ என் உறவினர் காலமான செய்தியைச் சொல்வதுபோல. திங்கட்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள் என்பதால் ரயில் நிலையத்தில் நல்ல கூட்டம். டிக்கெட்டைப் பார்த்த அதிகாரி, போ போ என்று கையை அசைத்துவிட்டார்.

ஏன் இந்தப் பயணம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் சுங்கை சிப்புட் என்று மட்டும் இருக்கிறது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. "வாத்துத் துரை தோட்டம்" என்பார். சொல்லும்போதே கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு இரண்டடி ஆடி ஆடி நடந்து காட்டுவார். நாங்களும் சிரிப்போம். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்க ஆளில்லை. காஜாங்கில் உட்கார்ந்துகொண்டு எந்த வரைபடத்தைத் திறந்தாலும் வாத்துத் துரை அகப்படவில்லை.

தவறி இறங்கியதில் ஒரு பலன். இவ்வூர் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வேலிக்குள் நிற்கிறது. 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு விதைகளைக் கொண்டுபோனார். மறு வருடம் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது இங்கே, பேராக்கில் ரெசிடெண்டாக (பிரிட்டிஷ் ஆலோசகராக) இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. ஒன்பதில் மிஞ்சியது இது ஒன்று. பார்த்தால் பிரமிப்பு வராது. பட்டை முழுக்க முண்டும் முடிச்சுமாக, முட்டிவலிக்காரர் போல நிற்கிறது. ஆனாலும் என் தாத்தாவை நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிய ஆள் இவர்தான் என்று நினைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் முறைத்துப் பார்த்தேன்.

பிற்பகல் இரண்டு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. ஊருக்குப் பேர்போன லக்சா ஒரு கிண்ணம் ஆறு வெள்ளி (ரிங்கிட்). மீன் வாடை எனக்குக் கொஞ்சம் தூக்கல். பக்கத்தில் இருந்தவர் இரண்டாவது கிண்ணம் கேட்டார். குறை என் நாக்கில்தான். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து சலித்து, 35 வெள்ளிக்கு டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் மலாய்க்காரர், அறுபது வயதிருக்கும். அம்மாவின் ஊரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் கண்ணாடி வழியாகப் பார்த்து, "எந்த எஸ்டேட்?" என்றார். மூன்று நாளும் காதில் விழப்போகிற கேள்வியை முதலில் கேட்டவர் இவர்.

அதே நாள் இரவு. சுங்கை சிப்புட்

சிப்புட் என்றால் மலாயில் நத்தை. நத்தை ஆறு. சாயங்காலம் கொட்டிய மழையில் சாலையோரக் கால்வாய் ஆறாகவே மாறியது, நத்தையைக் காணவில்லை. இரண்டு வரிசைப் பழைய கடைவீடுகள், நகைக்கடை, புடவைக்கடை, அடகுக்கடை, பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றுகள். விடுதி 70 வெள்ளி. ஏர்கண்டிஷனர் சொட்டுகிறது, கட்டிலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுவிட்டேன். கீழே கடையில் இரண்டு தோசையும் ஒரு தே தாரேயும் ஆறு வெள்ளி 20 காசு. சாம்பார் என்னவோ காஜாங் சாம்பாரைவிட மேல்.

ஜூன் 16, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே பசியாறப் போனேன். பசியாறப் போகிறவர்கள் பசியாறிவிட்டு எழுந்து போக வேண்டுமே, இந்தக் கடையில் யாரும் போவதில்லை. கோப்பி ஆறி, மறுபடி கோப்பி வந்து, செய்தித்தாள் கைமாறி, பத்து மணி ஆகிறது. கடைக்காரர் இடியப்பத்தை வைத்துக்கொண்டே கேட்டார்: "எந்தத் தோட்டம், தம்பி?"

"வாத்துத் துரை தோட்டம்."

கடையில் ஒரு நிமிடம் பேச்சு நின்றது. பிறகு மூலை மேசையிலிருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ஒருவர் தோட்டத்து ஸ்டோரில் கித்தாப் பாலை எடைபோட்டவர், வயது 79. இன்னொருவர் வெள்ளைத் தொப்பி போட்டவர், 82. ஸ்டோர்க்காரர் சொன்னது: லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு துரை, ஆலைக் கழிவுநீர்க் குட்டையில் வாத்து வளர்த்தார், கிறிஸ்துமஸுக்குக் கிராணிமாருக்கு (எழுத்தர்களுக்கு) ஆளுக்கொரு வாத்து கொடுப்பார், அதுதான் வாத்துத் துரை தோட்டம். தொப்பிக்காரர் தலையை ஆட்டினார். அது இல்லை, இந்தப் பக்கம், சாலாக் போகும் வழியில் ஒரு துரை. அவருக்கும் வாத்துக்கும் சம்பந்தமே கிடையாது என்று ஆரம்பித்தார். அதற்குள் ஸ்டோர்க்காரர் குரலை உயர்த்திவிட்டார். தோட்டத்தில் பேசிப் பேசி வளர்ந்த குரல். ஆலை இரைச்சலுக்கு மேல் எடுபட வேண்டிய குரல். தொப்பிக்காரர் கோப்பிக்குத் திரும்பிவிட்டார். நாளைக் காலை கடைக்காரரின் மகன் மோட்டாரில் என்னை லிந்தாங் பக்கம் கொண்டுபோவது என்று முடிவானது. என்னை யாரும் கேட்கவில்லை.

தோட்டங்களுக்குத் தமிழர்கள் வைத்த பெயர்களை யாராவது உட்கார்ந்து தொகுக்க வேண்டும். ஆங்கிலப் பெயர் கம்பெனிக்கு. செக்ரோலில், அதாவது ஆள்பேர் பதிவேட்டில், அது இருக்கும். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், புழங்கியது வேறு பெயர்: துரையின் குணம், ஆற்றின் வளைவு, ஆலை ஓட்டின் நிறம். கம்பெனி கைமாறினால் ஆங்கிலப் பெயர் மாறிவிடும். தமிழ்ப் பெயர் எந்தத் தாளிலும் இல்லாததால் யாராலும் மாற்ற முடியவில்லை. கடையில் இருந்த ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுப் பெயர் காதில் விழுந்தது. எதுவும் என் கைப்பேசி வரைபடத்தில் இல்லை.

இன்று ஜூன் 16. நான் இந்தத் தேதியைப் பார்த்து வரவில்லை, நீண்ட விடுமுறை என்று வந்தேன். ஆனால் இந்த ஊருக்கு இந்தத் தேதி இரண்டு வகையில் சொந்தம். 1919இல் இதே நாளில், பின்னாளில் அமைச்சரான துன் வீ.தி.சம்பந்தன் இங்கே பிறந்தார். 1948இல் இதே நாளில், அவருக்கு 29 வயது நிறைந்த அன்று காலை எட்டரை மணியளவில், எல்பில் தோட்டத்து அலுவலகத்துக்கு மூன்று பேர் சைக்கிளில் வந்து மேலாளர் ஆர்தர் வாக்கரைச் சுட்டுவிட்டுப் போனார்கள். அரை மணி நேரத்தில் சில மைல் தள்ளி இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய உதவியாளர், 21 வயது இயன் கிறிஸ்டியனும் நாற்காலியில் கட்டப்பட்டுச் சுடப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளின் வேலை. இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம். அது முடிய 1960 ஜூலை 31 ஆயிற்று. பள்ளிப் பாடத்தில் இந்த ஊரின் பெயர் வருவது இதற்காகத்தான். நானும் பெரிய வரலாற்றாசிரியர் போலக் கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, "அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா, ஐயா?" என்று தொப்பிக்காரரிடம் கேட்டேன்.

"துரைமாரைச் சுட்டது ஒரு காலை நேரம், தம்பி. அதற்குப் பிறகு முள்வேலிக்குள் இருந்தது நாங்கள்தான். அதை யாரும் வந்து கேட்டதில்லை."

பதிவை நிறுத்திவிட்டுக் கேட்டேன். கலைந்து கிடந்த லயங்களை ஆலைப் பக்கம் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிலும் வேலி போட்டது. வேலைக்குப் போகும்போது வாசலில் வாளியையும் மடியையும் சோதிப்பது. காட்டுக்காரனுக்கு (காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு) போய்விடும் என்று கட்டுச்சோறு கொண்டுபோக விடாதது. தன் நிரைக்கு (மர வரிசைக்கு) போய் வெறும் வயிற்றோடு பால் வெட்டி, மங்கு மங்காக (கிண்ணம் கிண்ணமாக) பாலைச் சேர்த்து, தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியில் தூக்கிவந்து ஸ்டோரில் கொட்டிய பிறகுதான் சோறு. சீனக் குடியானவர்களை அள்ளிக்கொண்டுபோய் வைத்த புதுக்கிராமங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். பிரிட்டிஷாரின் பிரிக்ஸ் மறுகுடியேற்றத் திட்டத்தில் ஐந்து லட்சம் பேர் அப்படி நகர்த்தப்பட்டார்கள். தோட்டத்துத் தமிழர்களும் வேலிக்குள்தான் இருந்தார்கள் என்பது, அம்மா வழியாகக்கூட எனக்கு வந்து சேரவில்லை. வேலி எடுக்கப்பட்டபோது அம்மாவுக்கு ஒன்பது வயது. சங்கம் என்று வாயைத் திறந்தாலே சந்தேகப்பட்ட காலம் அது என்றார் தொப்பிக்காரர். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்துக்குத் தலைவராயிருந்த எஸ்.ஏ.கணபதியை 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்ட செய்தி தோட்டத்துக்கு வந்தபோது, தொப்பிக்காரருடைய அப்பா வீட்டிலிருந்த சங்கச் சந்தாச் சீட்டுகளை அடுப்பில் போட்டாராம்.

சம்பந்தன் பெயரை எடுத்ததும் கடையே இளகியது. இந்த ஊரில் அவர் அமைச்சர் என்பதைவிடப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துண்டாடல் என்ற சொல்லை இங்கே எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இன்றும் கசப்போடுதான் உச்சரிக்கிறார்கள். தொழிலாளியே தோட்டத்தை வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் சம்பந்தன். மாதம் பத்து வெள்ளி என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேர்த்தார்கள். அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். "என் அப்பா பெயரிலும் பங்கு இருந்தது" என்றார் ஸ்டோர்க்காரர். "தோட்டம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தாமும் ஒரு துரை என்று கள்ளுக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார்."

வெயில் ஏறுவதற்குள் மகாத்மா காந்தி கலாசாலையைப் பார்த்தேன். சம்பந்தன் முயற்சியில் எழுந்து, 1954இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்த தமிழ்ப்பள்ளி. ஞாயிறு, பூட்டிக் கிடந்தது. வாசலில் செண்டோல் விற்றவர், தாமும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் அங்கே படித்தவர்கள் என்றார். காசு வாங்க மறுத்தார். "எந்தத் தோட்டம்?" என்றார். சொன்னேன். அவருக்கும் ஒரு கருத்து இருந்தது. அது மூன்றாவது தோட்டம். அதை நான் கடையில் சொல்லவில்லை.

மத்தியானம் கடைக்காரரின் மாமியாரைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, வாசலில் கறிவேப்பிலை. போகிற வழியில் அரைக் கிலோமீட்டருக்குள் மூன்று கோயில்: ஒரு மாரியம்மன், ஒரு முனீஸ்வரர், இன்னொரு மாரியம்மன். கோலாலம்பூரில் இப்படிப் பார்த்தால் "ஏன் இத்தனை கோயில்" என்று முகம் சுளிக்கிறவன் நான். கடைக்காரர் மகன் வண்டியை மெதுவாக்கி விளக்கினான்: தோட்டம் விற்கப்பட்டபோது அந்தந்தத் தோட்டத்து ஆட்கள் தங்கள் சாமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு மாரியம்மனும் ஒன்றுதானே என்றேன். அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டிக்கு எண்பதுக்கு மேல். தட்டில் சோறு, கருவாட்டுக் குழம்பு, பக்கத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. ஜப்பான்காரன் காலத்தில் தின்றே அலுத்துப்போன கிழங்கு என்று அம்மா வழிப் பாட்டி அதைத் தொடவே மாட்டார். இவரோ அது இல்லாமல் சாப்பிட மாட்டாராம். பேச்சுவாக்கில் பர்சிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். சிவப்பு. குடியுரிமை இல்லாதவர்களுக்கான அட்டை. பதினெட்டு வயதிலிருந்து முப்பத்தைந்து வருடம் கித்தா மரத்தில் பால் வெட்டியவர், பிறந்ததற்குப் பத்திரம் இல்லாததால் இன்றும் நிரந்தரவாசி மட்டுமே. 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது நாடெங்கும் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். அவருடைய அக்காள் குடும்பமும் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறியது. "போய்ச் சேர்ந்ததும் ஒரு கடிதம் வந்தது. அங்கே எங்களை மலாயாக்காரர்கள் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாள்." அட்டையை மறுபடி துணியில் சுற்றி உள்ளே வைத்தார். குரலில் குறையில்லை. குழம்பு இன்னும் போடட்டுமா என்று கேட்டார்.

அம்மாவின் பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. வீட்டுப் பெயர் சின்னப்பொண்ணு என்றேன். பாட்டி சிரித்தார். "ஒவ்வொரு லயத்திலும் மூன்று சின்னப்பொண்ணு இருந்தார்கள், சாமி." அப்பா காஜாங்கிலிருந்து லோரி ஓட்டி வந்தவர், 1972இல் கல்யாணம், தென்னங்கீற்றுக் கட்டிய லோரியில் பெண்ணை அழைத்துப் போனார்கள் என்றும் சொன்னேன். பாட்டி கண்ணை மூடி யோசித்தார். யோசிப்பதுபோலவே தூங்கிவிட்டார்.

ஜூன் 17, திங்கள்

பெருநாள் காலை. பள்ளிவாசல் தக்பீர் விடுதி அறைவரை கேட்டது. கடைக்காரரின் எதிர்வீட்டு மலாய்க் குடும்பம் கெத்துப்பாட்டும் ரெண்டாங்கும் அனுப்பியிருந்தது; மாட்டிறைச்சி வேண்டாம் என்று தெரிந்து தனியாகக் கோழி ரெண்டாங். இதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. நான்தான் எழுதுகிறேன்.

லிந்தாங் சாலையில் பதினைந்து நிமிடம் போய் மோட்டார் செம்மண் பாதையில் திரும்பியது. இரவு மழையில் பாதை குழைந்து கிடந்தது. நடுவில் சக்கரம் புதைந்தது. இரண்டு பேரும் இறங்கித் தள்ளியதில் என் காலணி ஒன்று மண்ணுக்குள் போய், ஒரு குச்சியால் தோண்டி எடுத்தோம். கணுக்காலில் ஓர் அட்டை. கொசு வேறு. வாசல் கதவு விடுமுறைக்காகப் பூட்டியிருந்தது. உள்ளே உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த வங்காளதேச இளைஞர் வந்து பக்கத்திலிருந்த சந்துவழியைக் காட்டினார். கடைக்காரர் மகனிடம் மலாயில் பேசிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "வாங்க அண்ணே" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதானாம். பழைய தண்டல் (மேற்பார்வையாளர்) ஒருவர் சொல்லிக்கொடுத்ததாம்.

கித்தா மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் செம்பனை. கித்தாக்காட்டில் நிழல் இருக்கும், வரிசை வழியே தூரம் தெரியும் என்று அம்மா சொல்வார். செம்பனைக்குள் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. லயம் இருந்த இடத்தில் சிமெண்டுப் படிகள் நான்கைந்து, எந்த வீட்டுக்கும் போகாமல் நிற்கின்றன. ஆலை இல்லை. குட்டை இருந்தது! பச்சைப் பாசி படிந்த குட்டை. வாத்து இல்லை. அதன் கரையில் ஒரு வேப்பமரம், அடியில் துருப்பிடித்த சூலம், எலுமிச்சம்பழம் காய்ந்து கிடந்தது. யாரோ வந்துபோகிறார்கள். கொண்டுபோன கற்பூரத்தை ஏற்றினேன். தீப்பெட்டி நமுத்துப்போய் ஒன்பதாவது குச்சிதான் பற்றியது. அம்மாவின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன். குட்டையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தண்ணீரில்தான் அம்மா வாத்துகளைப் பார்த்திருப்பார் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. கடைக்காரர் மகன் கண்ணியமாகச் சற்றுத் தள்ளிப்போய்க் கைப்பேசியைப் பார்த்தான்.

அதே நாள் மாலை. ரயிலில்

கைப்பையில் பாட்டி கொடுத்தனுப்பிய மரவள்ளிக்கிழங்கு நான்கு கிலோ. காலணியில் இன்னும் செம்மண். கூட்டம் நிரம்பி வழிகிறது, எதிரே ஒரு குழந்தை என் காலணியையே பார்க்கிறது. ஈப்போ தாண்டியதும் கடைக்காரர் அழைத்தார்.

"தம்பி, தப்பு நடந்துவிட்டது. மாமியார் மத்தியானம் தூங்கி எழுந்ததும் நினைவு வந்ததாம். கீற்றுக் கட்டிய லோரியில் போன சின்னப்பொண்ணு இந்தப் பக்கத்துப் பெண். சாலாக் வழி."

"அங்கேயும் துரை வாத்து வளர்த்தாரா?"

"வாத்தெல்லாம் இல்லை. காலில் ஏதோ குறை. கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு ஆடி ஆடி நடப்பாராம். பிள்ளைகள் பின்னாலேயே போய் அதேபோல நடந்து காட்டுவார்களாம்."

பின்னணியில் தொப்பிக்காரர் ஏதோ சொல்வதும், ஸ்டோர்க்காரர் அதற்கு மேல் கத்துவதும் கேட்டது.

"ஹலோ? தம்பி, கேட்கிறதா?"

"கேட்கிறது, ஐயா."

"ஆடி மாதம் வாருங்கள். அந்தத் தோட்டத்து மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். நேற்றுப் பார்த்தீர்களே, மூன்றாவது கோயில், அதுதான். இந்த முறை தூங்காமல் வாருங்கள்."